மண்ணுக்குச் சோதனை உண்டு... ரத்தத்துக்கு?

திருவாரூர் மாவட்டம், நீடாமங்கலம் பக்கம் மூன்று ஏக்கரில் நெல் சாகுபடி செய்யும் அந்த விவசாயிக்கு வயது 52. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் வீட்டுச் சுவரில் இரண்டு காலண்டர்களுக்கு நடுவே மண்வள அட்டை ஒன்று ஆணியில் தொங்குகிறது. கார அமில நிலையில் தொடங்கி போரான் வரை 12 விவரங்கள் அதில் உண்டு. எந்த வயலில் துத்தநாகம் குறைவு, ஏக்கருக்கு எத்தனை கிலோ துத்தநாக சல்பேட் இட வேண்டும் என்பதை அட்டையைப் பார்க்காமலே சொல்வார். ஆனால், போன சம்பாப் பருவம் வரை தன் ரத்தத்தை ஒரு முறைகூட அவர் சோதித்துப் பார்த்ததில்லை.

ஐப்பசியில் களை எடுக்கும் நேரம். சேற்றில் கிடந்த நத்தை ஓடு, வலது கால் கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் அடியில் கிழித்துவிட்டது. அவருக்கு அது தெரியவே இல்லை. நான்காம் நாள் திண்ணையில் ரத்தத் திட்டைப் பார்த்துவிட்டு மனைவிதான் காலைத் தூக்கிக் காட்டச் சொல்லியிருக்கிறார். மஞ்சள் அரைத்து வைத்துக் கட்டினார்கள். வலி இல்லாததால் மறுநாளும் அவர் வயலில் இறங்கினார். பத்தாம் நாள் விரல் கறுத்து, வாடை வந்த பிறகுதான் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே ரத்தத்தில் சர்க்கரை 386 இருந்தது. விரலை எடுக்க வேண்டியதாயிற்று. தை அறுவடை முடியும் வரை அவர் வரப்பில்கூட கால் வைக்கவில்லை. மேலுரம், மருந்து, தண்ணீர் எல்லாம் கூலி ஆளை நம்பிப் போயின. அந்தப் பருவத்தில் கையில் நின்றது ஒன்றுமில்லை.

“வலிச்சிருந்தா அன்னிக்கே போயிருப்பேன் சார். வலிக்கலையே” என்கிறார் அவர்.

வலிக்காததுதான் நோயின் அடையாளம். அதற்கு முன்பே இரண்டு ஆண்டுகளாக வேறு அடையாளங்களும் இருந்திருக்கின்றன. மனைவி ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். இரவில் நாலு தடவை எழுந்து வெளியே போனது, படுக்கைக்குப் பக்கத்தில் சொம்பு போய்க் குடம் வந்தது, சட்டை தொளதொளத்தது, செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் தெருமுனை வரை நடந்து வந்தது. “ஏங்க, ஒரு தடவை போய்க் காட்டிட்டு வாங்களேன்னு எத்தனை தடவை சொன்னேன். ‘காடு கழனியில கிடக்குறவனுக்கு சர்க்கரை எங்கேடி வரும்’னு சிரிப்பாரு.”

இப்படிச் சிரிக்கிறவர் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஊரிலும் வந்துவிட்டது

சர்க்கரை நோய் பணக்காரர் நோய், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் நோய் என்ற பேச்சு ஒரு காலத்தில் பெருமளவு உண்மையாக இருந்தது. இன்று இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை எல்லா மாநிலங்களிலும் நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. நகரங்களில் 16.4 சதவீதம், கிராமங்களில் 8.9 சதவீதம். ‘பரவாயில்லையே, நமக்குப் பாதிதான்’ என்று தோன்றும். ஆனால், அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில், அதாவது வாசற்படியில் நிற்பவர்கள் நகரத்தில் 15.4 சதவீதம், கிராமத்தில் 15.2 சதவீதம். இங்கே வித்தியாசமே இல்லை. நாற்றங்காலில் இரண்டும் ஒரே அளவு நாற்று வளர்ந்து நிற்கிறது என்றால், நடவு வயல் நாளைக்கு எப்படி இருக்கும் என்பதை விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் கணக்கு, ஊரும் நகரமும் சேர்த்து 14.4 சதவீதம்.

வரப்பின் உயரம் 180

பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோயில் மிகப் பெரும்பான்மை இரண்டாம் வகை. முதல் வகையில் கணையம் இன்சுலினையே சுரக்காது. அது பெரும்பாலும் சிறு வயதில், திடீரென்று வரும். இரண்டாம் வகையில் இன்சுலின் இருக்கும், ஆனால் உடம்பு அதற்குச் சரியாகக் கட்டுப்படாது. இன்சுலினை மடை திறந்துவிடுகிற ஆள் என்று வைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். ரத்தம் வாய்க்கால், சர்க்கரை தண்ணீர், தசையும் ஈரலும் வயல். மடையில் சேறு அடைத்துக்கொண்டால் ஒரு ஆள் செய்த வேலைக்கு மூன்று ஆள் வேண்டும். கணையம் சில ஆண்டுகள் அப்படி ஆள் மேல் ஆளாக அனுப்பிச் சமாளிக்கும். பிறகு அதுவும் சோர்ந்துவிடும். வாய்க்காலில் தண்ணீர் நிரம்பி நிற்க, வயல் காய்ந்து கிடக்கும். ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தும் உடம்பு அசந்து போவது இதனால்தான்.

சரி, நிரம்பினால் வழிய வேண்டுமே, ஏன் தெரிவதில்லை? சிறுநீரகம் ஒரு வரப்பைப் போலச் சர்க்கரையைத் தடுத்து ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. அந்த வரப்பின் உயரம் பொதுவாக 180. அதாவது 100 மில்லி ரத்தத்தில் 180 மில்லிகிராம். அதைத் தாண்டும்போதுதான் சர்க்கரை சிறுநீரில் வழிகிறது. வழியும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அதிக சிறுநீரும், அதனால் வரும் தாகமும். ஆனால், வெறும் வயிற்றில் 126 வந்தாலே அது சர்க்கரை நோய். 126-க்கும் 180-க்கும் நடுவே ஒருவர் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இல்லாமல் நடமாடலாம். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை என்று பெரியவர்கள் சொன்னது சரிதான். எறும்பு வராவிட்டால் சர்க்கரை இல்லை என்பது மட்டும் சரியல்ல.

வேளாண்மையில் இதை மறைந்த பசி என்பார்கள். பயிருக்குச் சத்துக் குறை இருக்கும், இலையில் ஒன்றும் தெரியாது. இலை மஞ்சளாகும்போது விளைச்சலில் ஒரு பங்கு போயிருக்கும். அதற்காகத்தானே மண்ணைச் சோதிக்கிறோம். உடம்பிலும் அந்த மௌன ஆண்டுகளில் கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், காலின் நரம்பு மூன்றும் மெல்ல அரிபடுகின்றன. தண்டுத் துளைப்பானுக்குப் பத்து சதவீதக் குருத்து காயும் வரை பொறுத்திருந்து மருந்தடிக்கலாம். இதற்கு அப்படிப் பொறுக்க முடியாது.

வேறு பெயரில் வரும் அறிகுறிகள்

அறிகுறிகளின் பட்டியல் எல்லா மருத்துவமனைச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. கிராமத்தில் சிக்கல் பட்டியல் தெரியாதது அல்ல. ஒவ்வொரு அறிகுறிக்கும் நம்மிடம் தயாராக வேறொரு காரணம் இருக்கிறது. தாகத்துக்கு வெயில், சோர்வுக்கு வேலை, மெலிவுக்குக் கடன் கவலை, மங்கலுக்கு வயது, கால் மரத்தலுக்குச் சேறு.

முதலில் தாகம். சித்திரை வெயிலில் கடலைக் கொல்லையில் நிற்பவருக்குத் தாகம் எடுக்கத்தான் செய்யும். எப்படிப் பிரித்தறிவது? வெயில் தாகத்தில் தண்ணீர் வியர்வையாகப் போய்விடும். சிறுநீர் குறைந்து, மஞ்சளாக, கடுகடுத்துப் போகும். சர்க்கரைத் தாகத்தில் தாகமும் கூடும், சிறுநீரும் கூடும். வெயில் தாழ்ந்த பிறகும், மார்கழிப் பனியிலும், நடுராத்திரியிலும் தொண்டை வறண்டால், அதோடு இரவில் இரண்டு மூன்று முறைக்கு மேல் எழுந்திருக்க நேர்ந்தால், வெயிலைக் குறை சொல்லக் கூடாது. வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்தாலும் இரவில் அடிக்கடி போக வேண்டியிருக்கும். அதில் ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக, சொட்டுச் சொட்டாகப் போகும். சர்க்கரையில் ஒவ்வொரு முறையும் நிறையப் போகும். எதுவானாலும் மருத்துவரிடம் போவது நல்லதுதான்.

அடுத்தது மெலிவு. வழக்கம்போலச் சாப்பிட்டும், சொல்லப்போனால் கூடுதலாகச் சாப்பிட்டும், உடம்பு இறங்கினால் அது கவலையால் வருவது அல்ல. சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரிக்கிறது. காசநோயிலும் மெலிவு வரும். சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மூன்று மடங்கு அதிகம் என்பதால், இருமலோடு மெலிபவர் இரண்டையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

பார்வை மங்குவதில் ஒரு விசித்திரம் உண்டு. ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸில் நீர் ஏறி இறங்கும். அதனால் ஒரு வாரம் மங்கலாகவும் ஒரு வாரம் தெளிவாகவும் தெரியும். சந்தையில் கண்ணாடி மாற்றியும் சரியாகவில்லை என்பவர் முதலில் ரத்தத்தைப் பார்க்கட்டும்.

வெளியே சொல்லக் கூச்சப்படும் அறிகுறிகள்தான் பல வீடுகளில் முதலில் வருகின்றன. பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் திரும்பத் திரும்ப வருவது, ஆண்களுக்கு முன்தோலில் வெடிப்பும் எரிச்சலும், தொடை இடுக்கில் ஆறாத படை, ஆண்மைக் குறைவு. களிம்பு வாங்கித் தடவுவார்கள். ஆறும், மறுபடி வரும். சிறுநீர்ச் சர்க்கரையில் பூஞ்சை செழிக்கிறது என்பதைக் கண்டுகொள்ளாமல் களிம்பை மாற்றிக்கொண்டிருந்தால், மண்ணில் கோளாறை வைத்துக்கொண்டு இலைக்கு மருந்து அடித்த கதைதான்.

பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, வெல்வெட் துணிபோலத் தடித்திருப்பதைப் பலர் அழுக்கு என்று நார் போட்டுத் தேய்க்கிறார்கள். அது அழுக்கல்ல. இன்சுலினுக்கு உடம்பு கட்டுப்படவில்லை என்பதற்கான அடையாளம் அது. நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றும். வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளையின் கழுத்தில் இருந்தாலும் கவனிக்க வேண்டும்.

கடைசியாகக் கால். பாதத்தில் எரிச்சல், எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுப்பு, பஞ்சில் நடப்பதுபோன்ற உணர்வு, பிறகு மரத்துப் போதல். நீடாமங்கலம் விவசாயிக்கு நடந்தது இதுதான். நாள் முழுக்கச் சேற்றில் நின்றால் யாருக்கும் கால் விறைக்கும், கரையேறினால் சரியாகிவிடும். கோடையிலும் மரத்தே இருந்தால், இரண்டு காலிலும் விரலில் தொடங்கி மேலேறினால், அது நரம்பு. ஆறாத புண், அடிக்கடி வரும் கட்டி, ஈறு வீங்கி ஆடும் பல் ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும்.

யாருக்கு வரும்?

சென்னையில் உள்ள மெட்ராஸ் சர்க்கரை நோய் ஆராய்ச்சி அறக்கட்டளை, ஊசி குத்தாமலே ஆபத்தை எடைபோட ஒரு மதிப்பெண் முறையை 2005-ல் வெளியிட்டது. நான்கே கேள்விகள். வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50-ம் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருந்தால் 0, அதிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை கூடினால் 10, அதற்கும் மேலே 20. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. உழைப்புக்கு மூன்று நிலை: கடுமையாக உழைப்பவருக்கு 0, அசையாமல் இருப்பவருக்கு 30, இடைப்பட்டவருக்கு 20. கூட்டினால் 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம், உடனே ரத்தம் சோதிக்க வேண்டும்.

இடுப்பை அளப்பதில் ஒரு எச்சரிக்கை. நம் ஆண்கள் தொப்பைக்குக் கீழே வேட்டி கட்டுகிறவர்கள். அந்த இடத்தை அளந்துவிட்டு ‘என் சுற்றளவு 32 அங்குலம்தான்’ என்பார்கள். டேப்பைத் தொப்புள் மட்டத்தில் சுற்ற வேண்டும், மூச்சை உள்ளே இழுக்காமல். ஆணுக்கு 90 சென்டிமீட்டர் என்பது சுமார் முப்பத்தைந்தரை அங்குலம், பெண்ணுக்கு 80 என்பது முப்பத்தொன்றரை அங்குலம்.

நம் விவசாயியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வயதுக்கு 30. சுற்றளவு 94, அதற்கு 10. அவர் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது, 10. ஆக 50. உழைப்பில் தனக்கு 0 என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால், அவருடைய வயலில் உழவு டிராக்டரில், நடவு இயந்திரத்தில், அறுவடை இயந்திரத்தில். மோட்டாரைப் போட முன்பு அரை மைல் நடந்தவர், இப்போது கட்டிலில் படுத்துக்கொண்டே கைப்பேசியில் போடுகிறார். வயலுக்குப் போவது மோட்டார் சைக்கிளில். உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிற நாள்கள் பருவத்தில் பாதிக்கு மேல். உழைப்பு இடைப்பட்டதுதான், 20. மொத்தம் 70. இயந்திரம் வந்ததைக் குறை சொல்வதற்கில்லை. ஆள் கிடைக்காத ஊரில் அது இல்லாமல் சாகுபடியே இல்லை. உழைப்பு குறைந்துவிட்டது, சாப்பாடு மட்டும் நான்கு ஏர் பூட்டிய காலத்து அளவிலேயே நிற்கிறது என்பதுதான் விஷயம்.

அந்தச் சாப்பாட்டில் சோறுதான் பெரும்பங்கு. 21 நாடுகளில் 1,32,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2020-ல் வெளியானது. நாளுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 20 சதவீதம் அதிகம். தெற்காசியாவை மட்டும் எடுத்தால் 61 சதவீதம் அதிகம். 450 கிராம் என்பது வடித்த சோற்றின் எடை. டெல்டாவில் பலருக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. நெல் விளைவிக்கிறவரிடம் சோற்றைக் குறையுங்கள் என்று சொல்வது சங்கடம்தான். ஆனால், பாட்டன் சாப்பிட்டது தவிடு ஒட்டிய புழுங்கலரிசி. பேரன் சாப்பிடுவது ஆலையில் பலமுறை தீட்டப்பட்டுப் பளபளக்கும் அரிசி.

ஒல்லியாக இருப்பவர்களும் தப்பித்தோம் என்று இருக்க முடியாது. புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் கிராமத்துக் குழந்தைகளை ஆராய்ந்து, எடை குறைவாகப் பிறக்கும் நம் குழந்தைகளின் உடம்பில் தசை குறைந்தும் கொழுப்பு கூடியும் இருப்பதைக் காட்டினார்கள். கை கால் குச்சியாக, வயிறு மட்டும் முன்னே நிற்கும் உடல்வாகு நம் ஊரில் சாதாரணம். எடை மெஷின் இதைச் சொல்லாது, டேப் சொல்லும்.

பெண்களுக்குக் கூடுதலாக ஒரு கேள்வி: கர்ப்பத்தின்போது சர்க்கரை இருந்ததா? பிரசவம் ஆனதும் அது இறங்கிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால், அப்படி ஒரு முறை வந்தவருக்குப் பின்னாளில் நோய் வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். குழந்தைக்கு ஆறு வாரத் தடுப்பூசி போடப் போகும்போதே தாய்க்கும் ஒரு சோதனை, பிறகு ஆண்டுக்கு ஒன்று. நம் விவசாயியின் மனைவிக்கு இரண்டாவது பிரசவத்தில் அப்படி இருந்திருக்கிறது. கணவருக்கு விரல் போன பிறகு அவரும் சோதித்துக்கொண்டார். வெறும் வயிற்றில் 114. முந்தைய நிலை. அவரால் இன்னும் திருப்ப முடியும்.

மும்முனை மின்சாரத்துக்காக இரவில் கண்விழித்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் நிறைய. தூக்கம் தொடர்ந்து கெடுவதும் சர்க்கரையை ஏற்றும். நாளுக்கு ஐந்தாறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை, பீடி, மாலையில் மது என்று சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். மூட்டு வலிக்கு மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கும் ‘பவர் மாத்திரை’யில் ஸ்டீராய்டு இருக்கலாம். அது வலியையும் குறைக்கும், சர்க்கரையையும் ஏற்றும்.

பூச்சிமருந்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் 3,080 பேரை ஆராய்ந்து 2017-ல் கட்டுரை வெளியிட்டார்கள். ஆர்கனோ பாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகளை நேரடியாகக் கையாளுபவர்களிடம் சர்க்கரை நோய் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. இந்த மருந்துதான் இந்த நோயைத் தந்தது என்று ஒவ்வொருவர் விஷயத்திலும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் கையுறை, முகக்கவசம் இல்லாமல், காற்றுக்கு எதிராக நின்று அடிக்கும் பழக்கத்தை விட இது இன்னொரு காரணம்.

சோதனை எங்கே, எப்படி?

30 வயதைக் கடந்த எல்லோருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், நோய் உள்ளவர்களுக்கு மாத்திரையும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவர்கள் வரும் நேரத்தில் ஆண்கள் வயலில் இருப்பதுதான் குறை. “உங்க வீட்டுக்காரரை நாளைக்குக் காலையில வெறும் வயிறா இருக்கச் சொல்லுங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் போனால், மறுநாள் அவரை வீட்டில் நிறுத்திவைப்பது மனைவியின் பொறுப்பு.

எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், டீகூடக் குடிக்காமல் எடுத்தால் வெறும் வயிற்று அளவு. 100-க்குக் கீழ் சரி. 100 முதல் 125 வரை முந்தைய நிலை. 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. சோதனையில் 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை, 6.5-லிருந்து நோய். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவி ஒரு முன்னறிவிப்பு மாதிரி. நோய் என்று உறுதி செய்ய நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரு முறை கூடுதலாக வந்தால், இன்னொரு நாள் திரும்பச் சோதித்த பிறகே முடிவு.

முந்தைய நிலையில் இருந்த 500-க்கும் மேற்பட்டவர்களைச் சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டைச் சீர்செய்து, நடையைக் கூட்டியவர்களிடம் நோயாக மாறுவது 28.5 சதவீதம் குறைந்தது. விவசாயிக்கு நடப்பதற்குத் தனிப் பூங்கா தேவையில்லை. வயலுக்கு வண்டியை விட்டுவிட்டு நடந்து போகலாம்.

வாசகர் கேள்விகள்

“எங்களிடம் பனை மரங்கள் இருக்கின்றன. சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டுக் காபி குடித்தால் சர்க்கரை ஏறாது என்கிறார்களே?” - தூத்துக்குடி மாவட்ட வாசகர்.

ஏறும். கருப்பட்டியிலும் நாட்டுச் சர்க்கரையிலும் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு. ஆனால், பெரும்பகுதி சர்க்கரைதான். நோய் இல்லாதவர் அளவோடு சேர்க்கலாம். நோய் உள்ளவருக்கு சீனி, கருப்பட்டி, தேன் மூன்றும் ஒன்றே. விற்பவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.

“அரிசியை விட்டுவிட்டு மூன்று வேளையும் கேழ்வரகுக் கூழ் குடிக்கிறேன். அப்படியும் 210 இருக்கிறதே?” - தருமபுரி மாவட்ட வாசகர்.

சிறுதானியம் நல்லதுதான், ஆனால் அதுவும் மாவுச்சத்து. நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கூழ் வயிற்றில் வேகமாகக் கரைந்து சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அதே கேழ்வரகை அளவான களியாகவோ அடையாகவோ செய்து, கீரை, பயறு, காய்கறியோடு சாப்பிட்டால் மெல்ல ஏறும். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன், மீதிக் கால் பங்குதான் சோறோ களியோ. பாரம்பரிய நெல் ரகங்களுக்கும் இதே அளவுதான். கருப்புக் கவுனி என்பதற்காக இரண்டு தட்டுச் சாப்பிட்டால் பலன் இல்லை. 210 என்பது எந்த உணவானாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டிய அளவு.

“ஆவாரம்பூ, வெந்தயம், பாகற்காய்ச் சாறு எடுக்கிறேன். மாத்திரையை நிறுத்திவிடலாமா?” - சிவகங்கை மாவட்ட வாசகர்.

நிறுத்தக் கூடாது. வெந்தயத்தையும் பாகற்காயையும் உணவாகச் சேர்த்துக்கொள்ளலாம். மாத்திரையை நிறுத்திவிட்டுப் புண்ணோடு வருபவர்களை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் பார்க்கலாம். சித்த மருத்துவம் எடுக்க விரும்பினால், பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் இப்போது சாப்பிடும் மாத்திரைகளைக் காட்டிச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடுவதும் உண்டு.

“எனக்குச் சர்க்கரை இருக்கிறது. வயலில் வெறுங்காலோடு இறங்கலாமா?” - தஞ்சாவூர் மாவட்ட வாசகர்.

காலில் உணர்வு குறைந்திருந்தால் கூடாது. சேற்று வயலுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கிடைக்கிறது. போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்ட வேண்டும், உள்ளே கல்லோ முள்ளோ கிடக்கும். கரையேறியதும் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, அடிப்பாதத்தைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் தரையில் முகக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லலாம். பித்தவெடிப்பை பிளேடால் சீவக் கூடாது. கொப்புளம், கீறல் எதுவானாலும் அன்றைக்கே மருந்து கட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை பாத உணர்வு, விழித்திரை, சிறுநீரில் புரதம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

“காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு மருந்தடிக்கப் போனேன். நடுவில் வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கியது. மருந்து ஏறிவிட்டதா, சர்க்கரையா?” - ஈரோடு மாவட்ட வாசகர்.

இரண்டாகவும் இருக்கலாம், அதனால்தான் இது ஆபத்து. சில வகை மாத்திரைகளும் இன்சுலினும் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வேலை செய்தால் சர்க்கரை 70-க்கும் கீழே இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, பேச்சில் தடுமாற்றம் வரும். பூச்சிமருந்து விஷமேறினாலும் வியர்க்கும். ஆனால், அதோடு வாயில் எச்சில் ஒழுகும், கண்ணீர் வடியும், வாந்தி, வயிற்றுப்போக்கு, மூச்சுத் திணறல் வரும், கண்மணி ஊசி முனைபோலச் சுருங்கும். முதல் வேலை, தெளிப்பானை இறக்கிவிட்டு மருந்து அடித்த இடத்திலிருந்து விலகுவது. சட்டையைக் கழற்றி, கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதன் பிறகு, நினைவு தெளிவாக இருந்து விழுங்கவும் முடிந்தால், மூன்று சிறு கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். சர்க்கரைத் தாழ்வு என்றால் கால் மணி நேரத்தில் தெளியும், உடனே ஏதாவது சாப்பிட வேண்டும். தெளியாவிட்டாலோ, மேலே சொன்ன விஷ அறிகுறி ஒன்று இருந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இனிமேல் சாப்பிடாமல் மருந்தடிக்கப் போக வேண்டாம், தனியாகவும் போக வேண்டாம். சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும், பூச்சிமருந்து படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி. மருத்துவமனைக்குப் போகும்போது பூச்சிமருந்துக் குப்பியின் லேபிளையும் மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோய், இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.